பூங்காவுக்குப் புறப்படுமுன்

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பிழைப்பை நாடிப் பிற மாநிலப் பட்டணங்களில் குடியேறி, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடுகளில் காலந்தள்ளும் நம்மவர்கள் அதைச் சற்றே மாற்றிச் சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். ஊரில் நாய் ஓடுவதற்கு இடம் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கே வீட்டில் நாய் இருக்கிறது. அது ஓட ஒரு முழ இடத்தைக் காணோம்.

சென்ற திங்கள் இப்பகுதியில், பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், “குழந்தைகளுக்கு இடம் சொன்னீர்கள், எங்கள் வீட்டு நாய்க்கும் ஓர் இடம் சொல்லலாகாதா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் வேடிக்கையாகக் கேட்டாரா, மெய்யாகவே கேட்டாரா என்பதை அறியோம். நமக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாகப் படவில்லை. அதற்குரிய காரணத்தைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுவோம்.

நாய்களுக்கென்றே வேலியிட்டு ஒதுக்கிய பூங்கா என்பது நம் பாட்டனார் காலத்தில் கேட்டறியாத செய்தி. அமெரிக்க நாட்டில் பெர்க்லி நகரத்தில் 1979-ஆம் ஆண்டு தோன்றிய ஓலோனி நாய்ப் பூங்காவை இவ்வகையில் முதலாவது என்று கூறுவர். நம் நாட்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி 2018-ஆம் ஆண்டில் கொண்டாப்பூரில் ஏறத்தாழ 1.3 ஏக்கர் நிலத்தில் நாய்ப் பூங்கா ஒன்றை அமைத்தது. ஒரு பெரிய நகரத்தில் மனிதன் வாழவே இடம் போதாத நிலையில் நாய்க்கு ஒன்றேகால் ஏக்கரா என்று மூக்கின்மேல் விரலை வைப்போர் உண்டு. நாமும் வைத்தவர்களே. விரலை எடுக்கும்படி செய்தது நம் வீட்டிற்கு வந்து சேர்ந்த மணி.

மணி சிப்பிப்பாறை இனத்து நாய். விருதுநகர் மாவட்டத்துக் கரிசற்காட்டில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம், மோப்பத்தைக் காட்டிலும் பார்வையையே நம்பி வேட்டையாடும் இயல்பு ஆகியவை இதன் இலக்கணம். இதன் உறவினமாகிய இராசபாளையத்து நாய்க்கு நம் அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. நம் தந்தையார் காடு கழனிக்குப் போகும்போதெல்லாம் மணி அவர் பின்னாலேயே போகும். அவர் ஓர் ஆவணி மாதத்தில் காலமானார். தாயாரை நம்மோடு அழைத்துவரப் போனபோது, “அவர் கையாலே சோறு தின்ன நாய்ப்பா. அதையும் கூட்டிட்டுப் போனா நான் வாரேன், இல்லேன்னா ரெண்டு பேரும் இங்கேயே கெடக்கோம்” என்று தாயார் சொல்லிவிட்டார்.

தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்குத் தேர் ஏற மாட்டேன் என்றாராம். அவர் ரயிலேற வந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கும். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகத் தமக்கென்று பதிவு செய்துகொண்டோர் மாத்திரமே நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். தூங்கும் வசதிப் பெட்டியிலும், இரண்டாம் மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் அதற்கு அனுமதி இல்லை. மற்றையோரின் நாய், பார்சல் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தப்பெற்று, கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் பயணம் செய்ய வேண்டும். ரயில்வேயில் எழுதுவினைஞராக இருக்கும் நாம் இவ்விதிகளை ஊராருக்கு ஓயாமல் எடுத்துச் சொல்லியவர்கள். அன்று நம் மணியையே அந்தப் பெட்டியில் ஏற்றிவிட்டு, வண்டி நின்ற இடங்களிலெல்லாம் தண்ணீர்ப் பாத்திரத்தோடு பின்பக்கம் ஓடினோம்.

இவ்வாறு மணி சிகந்தராபாத் வந்து சேர்ந்தது. காலையில் அரைமணி நேரம், மாலையில் அரைமணி நேரம் சங்கிலியோடு தெருவில் நடப்பதே அதன் உலகமாயிற்று. காட்டில் காற்றாய்ப் பறந்த நாய் வாசற்படியில் தாடையை வைத்துப் படுத்துக் கிடந்தது. ஒன்றரை ஆண்டு இப்படியே கழிந்தது. நம் மகள் ஒரு நாள், தன் வகுப்புத் தோழி வீட்டில் ஞாயிறுதோறும் நாயைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று வந்து சொன்னாள். பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாமும் புறப்பட்டோம்.

எப்படிப் புறப்பட்டோம் என்பதைத்தான் நேயர்கள் கவனிக்க வேண்டும். காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். தண்ணீர் எடுத்துச் செல்லவில்லை. கழுத்துப்பட்டையில் ஓர் ஓட்டை தேய்ந்திருந்தது. பார்த்தும் பாராதது போல் இருந்தோம். ஊசிச் சீட்டு எங்கே இருக்கிறது என்று துணைவியார் கேட்டதற்கு, “பெட்டியில் எங்கேனும் இருக்கும், வா” என்றோம். வேலிக் கதவைத் தாண்டியதும் மணியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டோம். அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு தாயார் கண்கலங்கினார். நமக்கும் தொண்டை அடைத்தது.

அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம் நீடித்தது. மூலையில் முயல் போன்ற சிறிய வெள்ளை நாயொன்று துள்ளியோடியது. சிப்பிப்பாறை இனத்துக்கு ஓடுவதைக் கண்டால் விரட்ட வேண்டும். அது கற்றுக்கொடுத்து வந்ததன்று, இரத்தத்தில் வந்தது. ‘மணி, மணி’ என்று நாம் கூவியது அதன் காதில் ஏறவேயில்லை. வெள்ளை நாயைக் காப்பாற்ற அதன் வீட்டுச் சிறுவன் இடையில் கையை நீட்டினான். ஆறு வயதிருக்கும். மணியின் பல் அவன் முழங்கையில் பட்டு இரத்தம் கசிந்தது.

நாம் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பற்றினோம். தேய்ந்த ஓட்டை கிழிந்து பட்டை கையோடு வந்துவிட்டது. வேறொருவர் தண்ணீரை வாளியோடு வீசியெறிந்த பின்னரே மணி விலகியது. வெள்ளை நாய்க்குக் காயம் இல்லை. சிறுவனின் பாட்டியார், முதிய தெலுங்கு அம்மையார், அவனை மார்போடு அணைத்துக்கொண்டு நம்மை நிமிர்ந்து பார்த்தார். வையவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்: “ஊசி போட்டிருக்கிறதா, பாபு?”

நமக்கு விடை தெரியவில்லை.

அங்கிருந்த இளைஞர் ஒருவர் சோப்புக் கட்டியை எடுத்துவந்து, சிறுவனின் கையைக் குழாயடியில் பிடித்துப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவினார். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று எதையும் அப்பக்கூடாது. ஓடுகிற தண்ணீரும் சோப்புமே முதல் மருந்து என்று அவர் சொன்னார். பிறகு அனைவருமாக அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தம் கசிந்த கடியாதலால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும், தோலுக்குள் போடும் தடுப்பூசியும் அன்றே போட்டார்கள். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தடவை ஊசி. நான்கு தடவையும் நாம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுடன் சென்றோம். ஒவ்வொரு தடவையும் அச்சிறுவன் ஊசியைக் கண்டு அழுதான். அந்த அம்மையார் நம்மை ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குச் சுடுசொல்லாயிற்று.

அன்றிரவு வீட்டிலிருந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். தந்தையாரின் வேட்டி மடிப்புக்குள் ஊசிச் சீட்டு இருந்தது. கால்நடை மருத்துவரின் கையொப்பத்துக்குக் கீழே, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நம் தந்தையார், கோணல்மாணலான எழுத்தில், ‘அடுத்த ஊசி மாசி பிறந்ததும். மறக்கக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தார். அந்த மாசி வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவர் போய்விட்டார். அந்த மாசியும் போயிற்று. அதற்கு அடுத்த மாசியும் போயிற்று. அலுவலகத்தில் பிறருடைய பார்சலுக்கு ஒரு நாள் தேதி தவறினாலும் பொறுக்காதவர்கள் நாம். பத்தாவது வரை படித்தவர்கள். “ஏப்பா, தெனமும் காலண்டர்லே தேதியைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தானே வேலைக்குப் போறே?” என்று தாயார் கேட்டார். அதற்கும் நம்மிடம் விடை இல்லை.

அடுத்த பத்து நாள்கள் நம் வாழ்வில் மறக்கவொண்ணாதவை. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ முறை. கடித்த காலத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோய் இருந்திருக்குமானால், அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயின் குறியைக் காட்டும், இறந்தும் போகும். பத்து நாள் கடந்தும் நலமாயிருந்தால் அக்கடியால் அந்நோய் வராது எனத் தெளியலாம். இதை நம்பிக்கொண்டு கடிபட்டவர் ஊசி போடாமல் காத்திருக்கலாகாது. ஊசி உடனே தொடங்க வேண்டும். நோயின் குறி மனிதனுக்குத் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

காலைதோறும் சிறுவனின் தந்தையார் தொலைபேசியில் அழைப்பார். “நாய் தண்ணீர் குடிக்கிறதா?” என்பார். “குடிக்கிறது” என்போம். அவ்வளவுதான் பேச்சு. தாயார் மணிக்குச் சோறு வைத்துவிட்டு, அது உண்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். பதினோராம் நாள் காலையில் நாமே முந்திக்கொண்டு அழைத்தோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு “சரி” என்றார். அன்று மாலையே மணியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஊசி போட்டோம்.

நேயர்களே, அன்பர் கேட்ட கேள்வியை நாம் வேடிக்கையாக எண்ணாத காரணம் இதுவே. நாய்ப் பூங்காவுக்குப் போவது நல்லது. ஆயினும் அந்தப் பயணம் பூங்காவின் கதவில் தொடங்குவதன்று; பல வாரங்களுக்கு முன்பே வீட்டில் தொடங்குவது. நாம் பட்டறிந்ததையும் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, ஊசி. வெறிநோய்த் தடுப்பூசியை நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் தேதியில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். முதல் ஊசி போட்ட அன்றைக்கே காப்பு உண்டாகிவிடாது. மூன்று நான்கு வாரம் செல்ல வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் முதலிய நோய்களுக்குரிய கூட்டு ஊசி ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறு வாரம் வரையில் தவணை முறையில் போடப்படுவது. இத்தவணை முடியாத குட்டியைப் பல நாய்கள் நடமாடும் புல்லில் இறக்கிவிடுவது பெருந்தவறு. பார்வோ நோய்க் கிருமி மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். குடற்புழு மருந்தும், உண்ணிக்குரிய மருந்தும் உரிய காலத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெறிநோயை எளிதாக நினைப்போர் இன்றும் உளர். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை நாயின் மூலமாகவே வருகிறது என்றும், வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் விலங்கிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் இந்நோய்க்குரிய தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். அவர் பெயரால் நம் நீலகிரிக் குன்னூரில் 1907-இலேயே ஒரு நிலையம் தோன்றிவிட்டது. நாயினால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதென்று நம் நாடு 2021-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. இத்தனை பேர் செய்த முயற்சியும் நம் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு சீட்டு மறந்து கிடந்தால் வீணாகிவிடும்.

இரண்டாவது, பழக்கம். கூப்பிட்டால் வரும் நாயே சங்கிலியை அவிழ்க்கத்தக்க நாய். இதை வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு, அதைச் சொல்லும்போதெல்லாம் நாய் வந்தவுடன் ஒரு சிறு தின்பண்டம் தர வேண்டும். அடுத்து மாடிப்படி, அடுத்து தெரு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். வந்த பிறகு அடிப்பது மாத்திரம் ஆகாது. வந்தால் அடி விழும் என்றறிந்த நாய் எவ்வாறு வரும்? சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் போன்ற வேட்டை இனங்கள் ஓடும் பொருளைக் கண்டபின் எச்சொல்லையும் கேட்பதில்லை. இவற்றை வளர்ப்போர் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழுத்தில் அன்றி மார்புப் பட்டையில் கட்டி, கையில் பிடித்தபடியே ஓடவிடுவது நன்று. வாய்ப்பூட்டு போடுவதாயின் கூடை போன்ற அமைப்புடையதைப் போட வேண்டும்; நாய் அதனுள் வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பூட்டு வெயிலில் உயிருக்கே உலையாகும்.

மூன்றாவது, நேரம். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி. அதன் இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. தக்காணத்துக் கோடையில் பத்து மணி வெயிலில் அழைத்துச் செல்வது நாம் செய்த மடமை. சூரியன் ஏறுமுன் போய்த் திரும்புவதே அறிவுடைமை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. பூங்காவுக்குப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிட வேண்டும். வயிறு நிறைந்த நாயை ஓடவிடலாகாது.

நான்காவது, பை. நாம் இப்போது வாசல் ஆணியில் ஒரு துணிப்பை மாட்டி வைத்திருக்கிறோம். அதில் இருப்பவை: ஊசிச் சீட்டும் அதன் நகலும், ஒரு லிட்டர் தண்ணீர், அகன்ற கிண்ணம், பழைய செய்தித்தாளும் மலத்தை எடுக்கும் உறைகளும், ஒரு துண்டு, மாற்றுக் கயிறு, ஒரு சோப்புக் கட்டி. கழுத்துப்பட்டையில் நம் தொலைபேசி எண் பொறித்த தகடு தொங்குகிறது. பட்டையின் ஓட்டைகளைப் புறப்படுமுன் இழுத்துப் பார்ப்பது மகளின் பொறுப்பு. தின்பண்டங்களைப் பூங்காவுக்குள் பரப்பாதீர்கள். ஒரு துண்டு பிஸ்கோத்துக்காக இரண்டு நாய்கள் பகையாகிவிடும். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும், வெங்காயமும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. குழந்தைகள் அன்பினால் ஊட்டிவிடாதபடி எச்சரிக்கை செய்து வையுங்கள்.

ஐந்தாவது, போகும் வழி. ஆட்டோக்காரரிடம் வாடகை பேசும்போதே நாய் வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்துவைத்துக் கடைசியில் காட்டினால் அவருக்கும் நமக்கும் மனக்கசப்பு. இருக்கையில் துண்டை விரித்து, நாயைக் காலடியில் உட்கார வைப்பது முறை. வழியில் தெருநாய்கள் குரைத்தால் ஓடாமல் நிதானமாக விலகிப்போக வேண்டும்.

ஆறாவது, பூங்காவுக்குள் நடந்துகொள்ளும் விதம். பருவத்திலிருக்கும் பெண்நாயை அழைத்துச் செல்லக்கூடாது. சிறிய நாய்களுக்கென்று தனிப்பகுதி இருந்தால் பெரிய நாயை அங்கே நுழையவிடக் கூடாது. வாலை ஆட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. உடல் மரம்போல் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, கண் ஒரே இடத்தில் நிலைத்தால், அப்போதே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். முன்னங்காலை நீட்டித் தாழ்ந்து, பின்புறத்தை உயர்த்தினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. சண்டை மூண்டுவிட்டால் எக்காரணத்தாலும் கையை இடையில் நீட்டலாகாது. தண்ணீரை வீசலாம், துணியைப் போர்த்தலாம், பேரோசை எழுப்பலாம். குழந்தைகள் அங்கே ஓடக்கூடாது, அறியாத நாயின் முகத்தருகே குனியக்கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும்.

திரும்பி வந்தபின் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழுப்பு உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் நாயை உருக்கிவிடும்.

இவ்வளவும் ஒரு நாய்க்காகவா என்று கேட்போர் இருப்பர். நாய்க்காக மாத்திரம் அன்று. நாம் வேற்று மொழி பேசும் மக்களிடையே வந்து வாழ்கிறோம். நம் வீட்டு வாசலில் போடும் கோலத்தைப் பார்த்தும், நம் குழந்தைகள் பேசும் மரியாதையைப் பார்த்தும் அவர்கள் நம்மை மதிக்கிறார்கள். நம் வீட்டு நாய் அயலார் வீட்டுக் குழந்தையைக் கடித்தால் அந்த மதிப்பு ஒரு நொடியில் போய்விடும். அதைவிட மேலாக, ஒரு குழந்தையின் உயிர் நம் மறதியின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்ற நினைவு வாழ்நாள் முழுவதும் போகாது.

நான்கு திங்கள் கழித்து, மழை தொடங்கிய பின், ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீண்டும் அப்பூங்காவுக்குச் சென்றோம். போகலாமா என்று நாம் தயங்கினோம், தாயார்தாம் வற்புறுத்தினார். மணியின் மார்பில் புதிய பட்டை; வாயில் கூடைப்பூட்டு; நம் கையில் பத்து மீட்டர்க் கயிறு. பெரிய நாய்களுக்குரிய பகுதியில், வேலியோரமாக அது வளைந்து வளைந்து ஓடியது. முன்போல் பறக்கவில்லை. ஆயினும் ஓடியது.

வேலிக்கு அப்பால் அந்த அம்மையார் தம் வெள்ளை நாயோடு உட்கார்ந்திருந்தார். சிறுவனும் இருந்தான். நாம் அருகில் சென்று வணங்கினோம். என்ன பேசுவதென்று தெரியாமல், பையிலிருந்து ஊசிச் சீட்டை எடுத்து, அவர் கேட்குமுன் நீட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்து, தேதியை விரலால் தொட்டுப் படித்தார். கீழே இருந்த தமிழ் எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நம் தந்தையார் எழுதியது, மாசி மாதம் மறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார் என்றோம். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் கைப்பையைத் திறந்து, தம் நாயின் ஊசிச் சீட்டை எடுத்து நம்மிடம் நீட்டினார். நாமும் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். சிறுவன் வேலிக்கு இப்பால் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினான்.

நம் வீட்டுச் சீட்டில் இப்போது தந்தையாரின் எழுத்துக்குக் கீழே நம் மகளின் எழுத்து இருக்கிறது. நாள்காட்டியிலும் அதே தேதி சிவப்பு மையில் இருக்கிறது.

இவ்விதழைக் கீழே வைத்தவுடன், நாய் வளர்க்கும் அன்பர்கள் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பூங்காவுக்கு அடுத்த ஞாயிறு போகலாம். சீட்டை இன்றே பார்த்துவிடுவது நலம். அடுத்த திங்கள் வேறொரு பொருளுடன் சந்திப்போம். வணக்கம்.